மூன்று நாழிகைக் குழி

1961, மே 15, திங்கட்கிழமை. காலை ஒன்பதே முக்கால் மணி. அக்னி நட்சத்திர வெயில். மேகம் என்று சொல்ல இரண்டே இரண்டு, அவையும் எங்களுக்கு நிழல் தருகிற இடத்தில் இல்லை. காற்று கடலிலிருந்து கரைக்கு. தூத்துக்குடிக்குத் தெற்கே ஆளரவமில்லாத மணல்வெளி ஒன்றில் எங்கள் குடும்பத்தார் ஆறு பேரும், பதினேழு சாமான்களும், ஒரு மண்வெட்டியும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பதினேழு என்பது மண்வெட்டியைச் சேர்க்காமல்.

இதை இப்போது எழுதக் காரணம் நேற்று வந்த வீடியோ அழைப்பு. சென்னையில் இருக்கும் என் மகன் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய், ஒன்றரை வயதுப் பேரனை ஈர மணலில் இறக்கிவிட்டு, அதை எனக்குச் செல்போனில் காட்டினான். பிள்ளைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒருவரும் இல்லை. போன் பிடித்திருந்தவனுக்கு ஒரு கை சும்மா இருந்தது. மருமகளுக்கு இரண்டு கையும் சும்மா. ஆக மூன்று கைகள் சும்மா இருந்தும் பிள்ளையை ஒரு கைகூடப் பிடிக்கவில்லை. "ஏலே, அவனப் பிடிலே!" என்று இராஜபாளையத்திலிருந்து கத்தினேன். அலைச் சத்தத்தில் கேட்கவில்லையாம். எதிர்வீட்டுக்காரருக்குக் கேட்டு, அவர் வந்து என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனார். ராத்திரி தூக்கம் வரவில்லை. அறுபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய அந்தத் திங்கட்கிழமைதான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றும் ஒரு பிள்ளை இருந்தது. என் தங்கை. வயது ஒன்றும் பத்து மாதமும். அவளிடம் ஒரு குறைதான்: நடக்க மாட்டாள். பேசுவாள். தெருவில் போகிறவர்களை முறை சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைத்து நியாயம் கேட்பாள். எங்காவது போக வேண்டுமென்றால் உட்கார்ந்தபடியே நகர்வாள், அல்லது என்னைப் பார்த்து "தூக்கு" என்பாள். கெஞ்சல் எல்லாம் கிடையாது. கலெக்டர் உத்தரவு மாதிரி ஒற்றைச் சொல். நான் தூக்குவேன். எனக்கு ஏழு வயது, நோஞ்சான் உடம்பு. அவளோ பூசணிக்காய். பம்பரத்தை விட்டேன், கோலியை விட்டேன். இடது கையால் மட்டும் விளையாடக்கூடிய விளையாட்டு ஏதும் எங்கள் தெருவில் இல்லை. வலது இடுப்பு அவளுக்குப் பட்டா போட்ட இடமாகிவிட்டது. அவள் என்றைக்கு நடப்பாளோ அன்றைக்குத்தான் எனக்கு விடுதலை.

அப்பா மில்லில் டைம் கீப்பர். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை நிமிஷம் தாமதம் என்று எண்ணுவதுதான் உத்தியோகம். வீட்டிலும் எண்ணுவார். கொத்தமல்லிக் கட்டை வாங்கினால் காம்பை எண்ணுவார். அந்த நோய் எனக்கும் தொற்றியது, இன்னும் குணமாகவில்லை. அந்த வருஷம் அப்பா புதிதாக ஒரு விளையாட்டைத் தொடங்கியிருந்தார். மில் டாக்டரிடம் தங்கையைக் காட்டிவிட்டு வந்த நாளிலிருந்து, தினமும் சாயங்காலம் அவளை மடியில் மல்லாத்திப் போட்டு, இரண்டு உள்ளங்காலிலும் கட்டைவிரலால் கோடு இழுப்பார். அவள் விரல்களை மடக்கிக்கொண்டு கிக்கிக்கென்று சிரிப்பாள். அப்பா சிரிக்க மாட்டார். மறுபடியும் இழுப்பார். கிச்சுக்கிச்சு மூட்டுகிறவர் கூடச் சேர்ந்து சிரிக்காத விளையாட்டை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

வைத்தியம் சொன்னது அத்தை. அப்பாவின் அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். அவருக்கு எதுவும் நேரடியாகத் தெரியாது, எல்லாமே கேள்விப்பட்டது. இது உப்புக்காரி ஒருத்தியிடம் கேள்விப்பட்டது.

"கடக்கரை ஈர மண்ணுல குழி தோண்டி, பிள்ளைய முட்டளவுக்கு நட்டு வைக்கணுமாம்லே. ஒரு நாளைக்கு ஒரு நாழிகை. மூணு நாள் வச்சா நாலாம் நாள் ஓடுமாம்."

"மூணு நாள் லீவு எவன் குடுப்பான் அக்கா? ஒரு நாள் கேக்கலாம்," என்றார் அப்பா.

அப்போது லீவில் வந்திருந்த பட்டாளத்து மாமா, அம்மாவின் தம்பி, இந்தச் சிக்கலை அவிழ்த்தார். "இதுல என்ன இருக்கு அத்தான்? மூணு நாழிகையையும் ஒரே நாள்ல போட்டுருவோம்."

அப்பா யோசித்தார். மூன்று ஷிப்டையும் ஒரே ஆள் தொடர்ந்து பார்த்தால் மூன்று நாள் சம்பளம். மில்லில் அப்படி வழக்கம் உண்டு. கணக்கு சரியாக இருந்தது. "ஒரு நாழிகைக்கு இருபத்திநாலு நிமிஷம். எழுபத்திரண்டு நிமிஷம்," என்றார்.

"முட்டளவே போதுமா? இடுப்பளவுன்னா இன்னும் சீக்கிரம் பிடிக்காதா?" என்றாள் அம்மா. இடுப்பளவு என்றே முடிவாயிற்று.

மண்வெட்டியோடு கடற்கரைக்குப் போன குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். சாத்தூரில் பஸ் மாறியபோது கண்டக்டர் மண்வெட்டியைப் பார்த்தார், பிறகு அம்மா மடியில் இருந்த தங்கையைப் பார்த்தார். "பாப்பாவுக்கு மூணு வயசு இருக்கும்போலயே. அரை டிக்கெட் எடுங்க."

"ரெண்டே முடியலய்யா," என்றார் அப்பா.

"ஆளு எம்புட்டு தண்டி இருக்கு, பேச்சு இந்தப் போடு போடுது. ரெண்டுங்கீக?"

"நடக்கவே இல்லய்யா இன்னும்!" என்று அப்பா குரலை உயர்த்தினார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்துவிட்டார். நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஆனால் அப்பா கண்டக்டரைத் தாமே கூப்பிட்டுத் தங்கைக்கு அரை டிக்கெட் வாங்கினார். ஜெயித்த பிறகு எதற்குக் காசு கொடுக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

கடலுக்கு வருகிறேன். ரயிலில் போகும்போது பம்பாயில் ஒருதரம் கடலைப் பார்த்ததாக மாமா சொல்லிக்கொண்டிருந்தார், ஆகவே அவர்தான் தளபதி. தண்ணீர் விளிம்பிலிருந்து நாலு முழம் தள்ளி இடம் குறித்தார். சாமான்களையெல்லாம் விளிம்பை ஒட்டியே பரப்பினோம். எங்களூரில் கண்மாய்க் கரையில் அப்படித்தான் வைப்போம். கை கழுவ வசதி. அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். "தண்ணி இங்கன வந்துறாதா தம்பி?"

"வைகாசி மாசத்துல எந்தக் கண்மாயில தண்ணி ஏறியிருக்கு? வத்தத்தான செய்யும்," என்றார் மாமா.

எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. நாங்கள் அறிந்த தண்ணீர் கோடையில் ஒரு திசையில்தான் போகும்.

மாமா குழி தோண்டினார். பட்டாளத்தில் பதுங்குகுழி தோண்டிய கை. செங்குத்துச் சுவர், சீரான தரை. பத்து இருபதுக்குத் தங்கையை உள்ளே நிறுத்தி மண்ணைத் தள்ளினார்கள். தென்னங்கன்று நட்டால் செய்வதுபோல அத்தை சுற்றிலும் காலால் மிதித்து இறுக்கினார். அம்மா குடை பிடித்தாள். அப்பா கைக்கடிகாரத்தை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அழுவாள் என்று எல்லோரும் பயந்தது வீண். உட்காராமலும் நடக்காமலும் இருக்க ஓர் இடம் உலகத்தில் உண்டென்று அவளுக்கு யாரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. கையில் ஒரு கரண்டியைக் கொடுத்ததும் சுற்றி நின்ற குடும்பத்தை விட்டுவிட்டுக் கடலோடு பேச ஆரம்பித்தாள். அலை வந்தால் "வா வா" என்பாள். திரும்பினால் கோபம் வரும். "ஏய், நில்லு!" கரண்டியை ஓங்குவாள். அலை நிற்காது. ஒரு மணி நேரம் அந்தச் சண்டை நடந்தது. அவள் பேச்சைக் கேட்காமல் திரும்பிப் போன முதல் ஜீவன் கடல்தான்.

ஐம்பத்தெட்டாவது நிமிஷம் அப்பாவின் செருப்பு இரண்டும் மிதந்தன.

"ஒண்ணு ரெண்டு அலை அப்படித்தான் வரும்," என்றார் மாமா.

அடுத்த அலை எலுமிச்சம்பழச் சாதம் இருந்த தூக்குச்சட்டியைச் சாய்த்துவிட்டு, குழியைச் சுற்றி வந்து தங்கையின் வயிற்றைத் தொட்டது. அவள் கை கொட்டினாள். அம்மா குடையைப் போட்டாள். "ஏங்க, பிள்ளைய எடுங்க!"

"இன்னும் பதினாலு நிமிஷம் இருக்கு," என்றார் அப்பா, கடிகாரத்தைப் பார்த்து.

"பதினாலு நிமிஷத்துல பிள்ளை இருக்காதுலே!" என்று அத்தை அலறினார்.

மாமா தங்கையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். வரவில்லை. நனைந்த மணல் சிமெண்டைப்போல அவள் இடுப்பைக் கவ்விப் பிடித்திருந்தது. அத்தை மிதித்த மிதி அப்படி. இழுத்ததும் அவளுக்கு வலித்திருக்க வேண்டும். அப்போதுதான் முதல்முறையாக அழுதாள். இன்னொரு அலை வந்தது. இந்தத் தடவை நெஞ்சு வரைக்கும். அப்பா அப்படியே மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணைப் பறித்தார். கையில் இருந்த கடிகாரம் எங்கே போயிற்றென்று அவர் பார்க்கவில்லை. நாய் பறிப்பதுபோலப் பறித்தார். எண்ணி எண்ணிக் காரியம் செய்கிற மனிதரை அந்தக் கோலத்தில் நான் கண்டதில்லை. மாமா மறுபக்கம் மண்வெட்டியை ஓங்க, "அதத் தொடாதலே, கால்ல பட்ரும்!" என்று அம்மா தம்பியின் முதுகில் அறைந்தாள். அலைக்கும் அலைக்கும் நடுவில் ஒருவழியாகத் தங்கை முள்ளங்கி மாதிரிப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வந்ததும் அழுகை நின்றது. குழியைப் பார்த்துக் கை நீட்டினாள். திரும்ப அதில் வைக்கச் சொல்லி!

கடிகாரத்தை மாமா துழாவி எடுத்தார். பதினொன்று இருபத்தொன்றில் நின்றிருந்தது.

இதற்குள் எங்கள் சாமான்கள் பல திசைகளில் பயணம் கிளம்பியிருந்தன. அப்பா தங்கையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி, உலர்ந்த மணலில் என் பக்கத்தில் உட்காரவைத்தார். "இவளப் பாத்துக்கோ. சாமானையும் எண்ணு," என்றார். நான்கு பெரியவர்களும் வேட்டியையும் சேலையையும் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினார்கள். அவர்கள் முதுகு எங்கள் பக்கம். அத்தை தம் வெற்றிலைப் பையைத் துரத்திக்கொண்டு போனார். அது ஒவ்வொரு தடவையும் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்துவிட்டுப் போயிற்று.

"தூக்கு," என்றாள் தங்கை.

"இரு. எண்ணிக்கிட்டு இருக்கேன்," என்றேன். கரைக்கு வந்த சாமான்களை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது. பத்து. பதினொன்று. அந்த நேரம், மேட்டின் சரிவில் நுனி மட்டும் ஏறி வந்த ஓர் அலை தங்கையின் பெருவிரலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

"ஏய், நில்லு!"

கையை ஊன்றினாள். பின்பக்கத்தை உயர்த்தினாள். எழுந்தாள். திரும்பிப் போகிற நுரையின் பின்னாலேயே, இரண்டு கையையும் தராசுத் தட்டுகள்போல விரித்துக்கொண்டு, சரிவில் தபதபவென்று போனாள்.

பதினொன்றுக்குப் பிறகு நான் எதையும் எண்ணவில்லை.

அடுத்த அலை அவளை முட்டி உட்காரவைத்தது. நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துவிட்டுக் கத்தினேன். "பாப்பா நடந்துட்டா! பாப்பா நடந்துட்டா!"

நால்வரும் திரும்பினார்கள். அவர்கள் கண்டது ஈரமான என்னையும், மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த பாப்பாவையும்தான். அம்மா அவளைத் தூக்கி நிறுத்தினாள். கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மாமா எதிரே குந்தி, சீழ்க்கை அடித்து, கை கொட்டி, வாழைப்பழத்தைக் காட்டினார். நகர்ந்து போய்ப் பழத்தை வாங்கித் தின்றாள். அத்தை "நட நட" என்று தாமே ஆடி நடந்து காட்டினார். தங்கை ரசித்துப் பார்த்தாள். பட்டாளம் முழுக்க வந்து நின்றிருந்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

"மருமவன் தப்பிக்கப் பாக்கான்," என்றார் மாமா. "இடுப்பு நோவுதுல்லா."

"சத்தியமா நடந்தா மாமா."

"இவன் சொல்லுதத நம்பாதிய. மூணு நாள் கணக்கு தப்பிப்போச்சு, அதான் பலிக்கல," என்று அத்தை முடிவு சொன்னார்.

அப்பா மட்டும் என்னிடம் வந்து குனிந்தார். தாழ்ந்த குரலில், "எத்தனை அடி வச்சா?" என்று கேட்டார்.

"நிறையப்பா."

"நிறையன்னா? ரெண்டா, பத்தா?"

"எண்ணலப்பா."

நான் எண்ணாத ஒரு காரியம் இருக்கும் என்பதையே அவரால் நம்ப முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தார். பிறகு தனியாகத் தண்ணீர் விளிம்புக்குப் போனார். குனிந்தபடியே அந்தச் சரிவில் மேலும் கீழுமாக நடந்தார். அலை வந்து மணலைத் துடைத்துவிட்டுப் போகும், குனிந்து பார்ப்பார், மறுபடி நடப்பார். காணாமல்போன இடது செருப்பைத் தேடுகிறார் என்று நினைத்து நானும் கூடப் போய்த் தேடினேன்.

மொத்த நட்டம்: அந்தச் செருப்பு, ஒரு டம்ளர், வெற்றிலைப் பை, தூக்குச்சட்டியின் மூடி. பதின்மூன்று சாமான்களோடும் மண்வெட்டியோடும் பஸ் ஏறினோம். கோவில்பட்டி வருவதற்குள் அப்பா என்னை இன்னும் இரண்டு தடவை, வேறு ஏதோ பேசுவதுபோல, "எண்ணலையோ?" என்று கேட்டார். தங்கை என் மடியில் தூங்கினாள். இவளை ஏழெட்டு வருஷம் சுமக்கப்போகிறோம், பள்ளிக்கூடத்துக்கும் நாம்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்று எனக்கு அழுகை வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. அத்தையின் வீடு அங்கேதான். இருந்தாலும் எங்களை இராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போகிறேன் என்று நின்றார். அப்பா ஒரு காலில் செருப்போடு நின்றார். மாமா நாலு டீ சொன்னார்.

டீ மாஸ்டர் டீயைக் கொடுத்துவிட்டு மற்ற கிளாஸ்களைக் கழுவி, அந்தத் தண்ணீரை எப்போதும்போல வீசித் தெருவில் ஊற்றினார். கடை முன்னால் தரை சாக்கடையைப் பார்த்துச் சரிந்திருந்தது. தண்ணீர் புழுதியை நனைத்து, நுரைத்துக்கொண்டு ஓடியது.

என் இடுப்பில் இருந்தவள் நிமிர்ந்தாள். "இறக்கு," என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. இறக்கினேன்.

"ஏய், நில்லு!"

நடந்தாள். கைகளை விரித்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பார்க்க, டீக்கடை வாசலிலிருந்து சாக்கடை ஓரம் வரை தண்ணீருக்குப் பின்னாலேயே நடந்தாள். தண்ணீர் உள்ளே விழுந்து மறைந்தது. யாரையும் பிடித்துக்கொள்ளாமல் அங்கேயே நின்று, அதை ஏசினாள். அத்தை வாயில் அடித்துக்கொண்டு "ஏட்டி! ஏட்டி!" என்றார். அம்மா ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா டீ மாஸ்டரைப் பார்த்து, "இன்னும் ரெண்டு டீ போடுங்க," என்றார்.

"மொதல்ல குடுத்ததயே நீங்க குடிக்கலையே அண்ணாச்சி."

"குடிக்க இல்ல. கிளாஸக் கழுவுங்க."

டீ மாஸ்டருக்குப் புரியச் செத்த நேரம் ஆயிற்று. பிறகு அவரும் ஒரு கை பார்த்தார். பக்கத்தில் நின்றவருக்கு ஒரு டீ, மூட்டை தூக்குகிறவருக்கு ஒன்று, பூக்காரம்மாவுக்கு ஒன்று. அப்பா போகிறவர் வருகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து டீ குடிக்க வைத்தார். கிளாஸ் காலியாகும், தண்ணீர் வீசப்படும், தங்கை துரத்துவாள். கிளாஸ் தண்ணீர் போதாதென்று அப்பா, "ஒரு வாளி ஊத்துங்க," என்றார்.

"கோடைல குடம் துட்டுக்கு வாங்குறேன் அண்ணாச்சி. வாளி நாலணா ஆகும்."

"டீயே பத்துக் காசு! தெருவுல ஊத்துத தண்ணி நாலணாவா?" என்று மாமா சண்டைக்குப் போனார்.

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை," என்றார் அப்பா. "ஊத்துங்க."

இராஜபாளையம் பஸ் வந்தது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் டீ போயிற்று. அதனால் பஸ்ஸும் நின்றது. கடைசி வாளி ஓடி முடிந்ததும் அம்மா கேட்டாள்: "ஏங்க, மொத்தம் எத்தனை அடி நடந்திருப்பா?"

அப்பா விழித்தார். "நிறைய," என்றார்.

பஸ்ஸில் ஏறியதும், "ரெண்டு அரை டிக்கெட்," என்று கேட்டார். கண்டக்டர் எங்கள் டீயைக் குடித்த நன்றியில், "சின்னப் பிள்ளைக்கு வேண்டாம் அண்ணாச்சி, மூணு வயசு ஆகலல்லா," என்றார்.

"நடக்குற பிள்ளைய்யா. கிழிங்க," என்றார் அப்பா.

தங்கைக்கு இப்போது அறுபத்தாறு வயது. அடி எண்ணுகிற கடிகாரம் ஒன்றைக் கையில் கட்டிக்கொண்டு தினமும் காலையில் ரயில்வே ஸ்டேஷன் வரை நடந்துவிட்டு, கணக்கை எனக்குப் போனில் அனுப்புகிறாள். எனக்கு முட்டி வலி. அந்தத் தொகையைப் பார்த்து எரிச்சல் பட மட்டும் முடிகிறது.

மில் டாக்டர் அன்று அப்பாவிடம் சொன்னது இளம்பிள்ளை வாதமாக இருக்கலாம் என்று. எனக்குக் கல்யாணமாகி என் மகனுக்குச் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு வந்த அன்றுதான் அம்மா அதைச் சொன்னாள். ஏழு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: காலையில் டிக்கெட் வேண்டாம் என்று ஆன பிறகும் அப்பா வாங்கினார், மாலையிலும் வாங்கினார். ஆனால் இரண்டும் ஒன்றுபோல இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒற்றைச் செருப்போடு, அப்பா வழியெல்லாம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே வந்தார். கடல் உப்பு கண்ணில் பட்டுவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டு, அவர் அன்று மறந்துபோன கணக்கை அவருக்காக நான் மனதுக்குள் கூட்டினேன். இருபத்தேழு டீ, மூன்று வாளித் தண்ணீர், தேவையில்லாத ஓர் அரை டிக்கெட் இருபது காசு. ஆக மொத்தம் மூன்று ரூபாய் அறுபத்தைந்து காசு.